நெக்கைப் பாருங்கள், நிறம் அப்புறம்

பழைய செமி ஹாலோ கிடார் வாங்குவது, சரிசெய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் மெல்லிசைக் குழு ஒன்று கலைந்துவிட்டது. அதில் வாசித்தவர் தன் எபிஃபோன் டாட் கிடாரை 26,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பதினைந்து வருஷம் திருவிழா மேடைகளில் ஓடிய கிடார். பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? – திருநகர் வாசகர்

பதில்: வெறுங்கையோடு போகாதீர்கள். சின்ன டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி, மல்டிமீட்டர், உங்கள் சொந்தக் கேபிள் ஆகிய நான்கும் பையில் இருக்கட்டும். விற்பவரின் கேபிளை நம்பிச் சோதித்தால், பழுது கிடாரிலா கேபிளிலா என்றே தெரியாது.

முதலில் வாங்குவது செமி ஹாலோதானா என்று பாருங்கள். 1958ல் கிப்சன் கொண்டுவந்த இ.எஸ். 335தான் இந்த வகைக்கு முன்மாதிரி. வெளியே பார்க்க முழுப் பெட்டி போலத் தெரியும். உள்ளே நடுவில் தலையிலிருந்து கால்வரை கனமான மரக்கட்டை ஓடும். இரண்டு பக்கச் சிறகுகள் மட்டும்தான் பொள்ளல். அந்த நடுக்கட்டை இருப்பதால்தான் மேடையில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாலும் சீக்கிரம் கூவாது. டாட் அதே அமைப்பில் வரும் விலை குறைந்த தம்பி. ஆனால் எபிஃபோன் கேசினோ, தூரத்திலிருந்து பார்த்தால் இதே உருவம், உள்ளே கட்டையே கிடையாது. மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளை வழியாகக் கண்ணாடியை விட்டு டார்ச் அடியுங்கள். நடுவில் சுவர் போல மரம் தெரிந்தால் செமி ஹாலோ. எதிர்ப்பக்க எஃப் துளையின் வெளிச்சம் தெரிந்தால் முழு ஹாலோ.

அடுத்தது நெக், அதாவது கிடாரின் கழுத்து. முக்கால்வாசிப் பரிசோதனை இங்கேதான். கம்பிகள் பள்ளத்தில் பதிந்து செல்லும் சிறு துண்டான நட்டுக்குப் பின்னால், கம்பி முறுக்கும் ஆணிகள் உள்ள ஹெட் தொடங்கும் இடத்தின் பின்பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் வருடிப் பாருங்கள். இந்த வகைக் கிடார்களில் ஹெட் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். போதாக்குறைக்கு, நெக்கை நிமிர்த்தி வைக்க உள்ளே ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடின் திருகு நட்டுக்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்திருப்பார்கள். மெலிந்த இடம், சாய்ந்த மர இழை, எப்போதும் கம்பியின் இழுவை. ஸ்டாண்டிலிருந்து ஒரு முறை மல்லாந்து விழுந்தால் போதும், அங்கேதான் விரிசல் விடும். மயிரிழை போல ஒரு கோடு, அல்லது அந்த இடத்தில் மட்டும் பெயின்டின் பளபளப்பு மாறியிருப்பது, இரண்டில் எது தெரிந்தாலும் உடைந்து ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்கத் தடையில்லை. ஆனால் விலையில் மூன்றில் ஒரு பங்காவது குறைய வேண்டும்.

பிறகு ஆறாம் கம்பியை, அதாவது மிகக் கனமானதை, முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தக் கனம்தான். இடைவெளி அதிகம் என்றால் டிரஸ் ராடை இறுக்கிச் சரிசெய்யலாம், ராடில் இன்னும் திருகு மிச்சமிருந்தால். அதனால் ஹெட்டில் உள்ள மூடியைக் கழற்றி, விற்பவரையே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ராடின் நட் ஏற்கெனவே கடைசிவரை இறுகிப்போய், நெக்கும் வளைந்தே இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மேடைக் கிடார் என்பதால் முதல் ஐந்து ஃப்ரெட் கண்டிப்பாகத் தேய்ந்திருக்கும். புது ஃப்ரெட் ஒரு மி.மீ. அல்லது சற்றுக் கூடுதல் உயரம். 0.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் ராவிச் சமன் செய்ய உலோகம் மிச்சமில்லை, மொத்த ஃப்ரெட்டும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எலெக்ட்ரிக் வேலை. கேபிளைச் செருகி, வால்யூமும் டோனும் முழுதாகத் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் மீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். சுவிட்சை ஒவ்வொரு பிக்கப்பிலும் வைத்தால் 7 முதல் 9 கிலோ ஓம் காட்டலாம். நடுவில் வைத்தால் ஏறக்குறைய பாதி. அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கும், அல்லது சுவிட்ச் ஒட்டவில்லை. ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து பிக்கப் மூடியை நகத்தால் தட்டிப் பாருங்கள். லேசான 'டொக்' பரவாயில்லை. மைக்கைத் தட்டியது போலப் பெரிதாகக் கேட்டால், அதிக சவுண்டில் அந்தப் பிக்கப் கீச்சிடும்.

கரகரப்பு, லூஸ் ஜாக், துரு எல்லாம் கைக்கு அடக்கமான செலவு. அவற்றைக் காட்டி விலையைக் குறையுங்கள். நெக் கெட்டிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஹெட்டில் கிப்சன் என்றே எழுதியிருக்கிறது. 40,000 ரூபாய்தான் கேட்கிறார்கள். நம்பலாமா? – விருதுநகர் வாசகர்

பதில்: விலையே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. டிரஸ் ராடு மூடியைப் பாருங்கள். கிப்சனில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே திருகு. போலிகளில் பெரும்பாலும் மூன்று இருக்கும். மூடியைக் கழற்றினால் அசலில் பித்தளை ஆறுமுக நட் தெரியும். அதன்மேல் குழல் போன்ற ஸ்பேனரை மாட்டித் திருப்புவார்கள். ஆலன் சாவி நுழையும் குழி தெரிந்தால் அது கிப்சன் அல்ல. ஹெட்டின் பின்னால் எட்டு இலக்க எண் இருந்தால், 1977க்குப் பிந்தையவற்றில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து தயாரித்த ஆண்டைக் குறிக்கும். அது விற்பவர் சொல்லும் கதையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று, எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கிவ்சன் என்று கொல்கத்தாவில் பழைய கிடார் பிராண்ட் ஒன்று உண்டு. அது போலி இல்லை, அது தனிக் கம்பெனி. ஆனால் 40,000 அதற்கு ரொம்ப அதிகம்.

கேள்வி: பரணில் கிடந்த கிடாரைச் சும்மா தருகிறார்கள். எஃப் துளையைக் கவிழ்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது. – மேலூர் வாசகர்

பதில்: வண்டு அரித்த மாவு. உதிர்ந்ததைத் துடைத்துவிட்டு, கறுப்புத் துணியின் மேல் ஒரு வாரம் வையுங்கள். மறுபடி மாவு விழுந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. ஓட்டை நெக்கிலோ நடுக்கட்டையிலோ இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் உள்ள மர பீரோவுக்கும் சேர்த்து வினை. மாவு இல்லாமல் கரப்பான் எச்சமும் தூசியும் மட்டும் என்றால் கவலையில்லை, ஒரு கைப்பிடி அரிசியை உள்ளே போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அரிசியைத் திரும்பச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: என் ஐபனெஸ் ஆர்ட்கோர் கிடாரில் வால்யூம் திருகினால் கரகரக்கிறது. கேபிளை அசைத்தால் சவுண்டு போய்ப் போய் வருகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் "பின்னால மூடியே இல்லையே, எப்படித் திறக்குறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். – சிம்மக்கல் வாசகர்

பதில்: கடைக்காரர் கேட்டது நியாயம்தான். மற்ற எலெக்ட்ரிக் கிடாரில் பின்மூடியைக் கழற்றினால் வயரிங் கண்முன்னே இருக்கும். இதில் எல்லாமே எஃப் துளை வழியாகவோ பிக்கப் துளை வழியாகவோதான் போய் வர வேண்டும். பாட்டிலுக்குள் கப்பல் கட்டுகிற வேலை. பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடியும்.

கேபிள் அசைந்தால் சவுண்டு போவது ஜாக்கின் குற்றம். நட் தளர்ந்து ஜாக்கே சுழல ஆரம்பிக்கும், உள்ளே வயர் முறுக்கி அறுந்துவிடும். அதனால் வெளியே இருந்து நட்டை மட்டும் இறுக்கினால் இன்னும் முறுக்கத்தான் செய்வீர்கள். மீன் தொட்டிக் கடையில் ஏர் டியூப் இரண்டு மீட்டர் வாங்குங்கள். வெளி விட்டம் 6 மி.மீ. என்பதால் ஜாக்கின் வாய்க்குள் சரியாக இறங்கும். டியூபைச் செருகிக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். ஜாக் உள்ளே விழும், டியூப் வெளியே நிற்கும். எஃப் துளை வழியாக ஜாக்கை வெளியே இழுத்து, விட்டுப்போன ஒட்டைச் சால்ட்ரிங் செய்து, பிளக்கின் நுனியைத் தொடும் நாக்கைச் சற்று உள்ளே வளைத்துவிடுங்கள். பிறகு டியூபைப் பிடித்து இழுத்தால் ஜாக் தன் துளைக்கே திரும்பி வரும்.

கரகரப்புக்கு முதல் மருந்து கான்டாக்ட் கிளீனர். மெல்லிய குழாயை எஃப் துளைக்குள் விட்டு, கன்ட்ரோலின் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) மூன்று கால்களுக்கு மேலே உள்ள சிறு சந்தில் இரண்டு நொடி அடியுங்கள். முப்பது தடவை முழுதாகத் திருகுங்கள். பத்து நிமிடம் உலரட்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். எண்ணெய்ப் பசை நின்றுவிடும், இரண்டே மாதத்தில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும்.

அப்படியும் தீரவில்லை என்றால் மொத்த வயரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உள்ளே விடுவதைவிட ஒரே தடவை சிரமப்படுவது மேல். தேவையானவை: 500 கிலோ ஓம் கன்ட்ரோல் நான்கு, 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, மூன்று நிலை டாகிள் சுவிட்ச் ஒன்று, மோனோ ஜாக் ஒன்று, ஷீல்டு வயர் மூன்று மீட்டர். கன்ட்ரோல் வாங்கும்போது மேலே 'ஏ 500 கே' என்று இருக்கிறதா பாருங்கள். கேட்காமல் வாங்கினால் 'பி' வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். 'பி' போட்டால் வால்யூம் கடைசிக் கொஞ்சத்தில்தான் திடீரென்று குறையும். 250 கிலோ ஓம் போட்டாலும் சவுண்டு வரும், ஆனால் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பின் மேல்சுரத் துலக்கம் மங்கிவிடும். ஷாஃப்ட் குட்டையானதே போதும், மேல்பலகை மெல்லியது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆசியத் தயாரிப்புகளில் துளை பெரும்பாலும் 8 மி.மீ. அமெரிக்க அளவுக் கன்ட்ரோலுக்கு 9.5 மி.மீ. வேண்டும். டிரில் பிட்டை விட்டால் பலகையைக் கவ்விப் பிடித்துப் பெயின்டோடு சில்லு பெயர்க்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, கை ரீமரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பெரிதாக்குங்கள். அதைவிட எளிது, பழைய அளவிலேயே கன்ட்ரோல் வாங்கிவிடுவது.

பழையதைக் கழற்றுமுன் டிரேசிங் பேப்பரை மேலே வைத்து நான்கு துளை, சுவிட்ச், ஜாக் எல்லாவற்றின் இடத்தையும் குறித்து, அட்டைப் பெட்டியில் அதே அளவில் ஓட்டை போடுங்கள். புதுச் சாமான்களை அந்த அட்டையில் மாட்டி, அங்கேயே முழுச் சால்ட்ரிங்கையும் முடித்துவிடுங்கள். வயருக்கு 25 வாட் அயர்ன் போதும். கன்ட்ரோலின் முதுகில் எர்த் ஒட்ட 40 முதல் 60 வாட் வேண்டும், இடத்தை முதலில் உப்புத்தாளால் சுரண்டுங்கள். ஒட்டு பளபளவென்று இருந்தால் சரி, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் திரும்பவும் வையுங்கள். கிடாருக்குள் போன பிறகு அந்த ஒட்டைத் தேட முடியாது.

உள்ளே அனுப்புவதற்கு முன் கேபிள் போட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஏர் டியூபை விட்டு எஃப் துளை வழியாக வெளியே எடுத்து, வெந்நீரில் நனைத்து இளக்கி, கன்ட்ரோலின் ஷாஃப்டில் மாட்டுங்கள். தூரத்தில் இருப்பதை முதலில் இழுங்கள். எஃப் துளையின் ஓரத்துக்கு டேப் ஒட்ட மறந்தால் கீறல் நிச்சயம். கடைசியாக, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் திருகுக்குப் போகும் எர்த் வயர் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். கம்பிக்கும் ஜாக்கின் உடம்புக்கும் நடுவே ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அது விட்டுப்போனால் கம்பியைத் தொட்டாலும் நிற்காத ஹம் வரும்.

கேள்வி: கோயில் மேடையில் கிடாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் ஷாக் அடிக்கிறது. கிடாரில் எர்த்தைக் கழற்றிவிடலாமா? – உசிலம்பட்டி வாசகர்

பதில்: கூடவே கூடாது. பிழை கிடாரில் இல்லை. உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கும் மைக் செட்டுக்கும் எர்த் ஒன்றாக இல்லை, ஏதோ ஒன்றில் மூன்றாம் பின் வேலை செய்யவில்லை. ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் இது சகஜம். மைக் செட்காரரிடம் சொல்லி, இரண்டையும் எர்த் உள்ள ஒரே மூன்று பின் போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை வாசிக்காதீர்கள். 230 வோல்ட் விளையாட்டில்லை.

கேள்வி: கொடைக்கானலில் ஒருவரிடம் வாங்கிய கிடார், அங்கே அருமையாக இருந்தது. சித்திரை மாதம் மதுரைக்குக் கொண்டுவந்த இரண்டே வாரத்தில் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி உரசுகிறது, நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் கையைக் கீறுகிறது. ஏமாற்றிவிட்டாரா? – அண்ணாநகர் வாசகர்

பதில்: அவர் மேல் தப்பில்லை. இரண்டாயிரம் மீட்டர் உயரத்து மூடுபனியில் ஈரம் குடித்திருந்த மரம், மதுரை வெயிலில் காய்ந்துவிட்டது. ஃப்ரெட் பலகை சுருங்கியதால் உலோக நுனி வெளியே துருத்துகிறது. அதே சுருக்கம் நெக்கைப் பின்னோக்கி வளைத்துவிட்டதால் கீழ் ஃப்ரெட்களில் உரசல்.

உடனே அரத்தை எடுக்காதீர்கள். துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, கிடாரோடு பெட்டிக்குள் பூட்டி, மூன்று வாரம் விடுங்கள். ஈரப்பத மீட்டர் 45 முதல் 55 வரை காட்டினால் போதும். அப்புறமும் உரசினால் டிரஸ் ராடை இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஒரு நாள் விட்டு, திரும்பப் பாருங்கள். ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஃப்ரெட் நுனி அப்போதும் துருத்தினால் மட்டும் மெல்லிய அரத்தால் 45 பாகைச் சாய்வில் ராவுங்கள். பெயின்டுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் நெக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகும், அப்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்ச் வாலிபர் குழுவின் கிடார் கீழே விழுந்து ஹெட் விரிந்துவிட்டது. முழுசாகப் பிரியவில்லை. ஆசாரி இரண்டு ஸ்குரூ போட்டால் நின்றுவிடும் என்கிறார். ஃபெவிகுவிக் போடலாம் என்கிறார் இன்னொருவர். – பசுமலை வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஸ்குரூ மெலிந்த மரத்தை மேலும் பிளக்கும், டிரஸ் ராடு போகும் பாதையிலும் குறுக்கிடும். ஃபெவிகுவிக் நொடியில் இறுகிவிடுவதால் விரிசலின் அடிவரை போகாது, ஆனால் மேல்வாயை மட்டும் அடைத்துவிடும். பிறகு சரியான பசையும் உள்ளே இறங்காது. முழுதாகப் பிரியாத புது விரிசல்தான் ஒட்டுவதற்கு மிக எளிது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

கம்பிகளைக் கழற்றி, டிரஸ் ராடை முழுதாகத் தளர்த்துங்கள். விரிசலை விரலால் தொடாதீர்கள், கையின் எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. ஹெட்டை முன்பக்கமாக, கம்பி இழுக்கும் திசையில், மெதுவாகச் சாய்த்தால் விரிசலின் வாய் திறக்கும். டைட்பாண்ட் வகை மஞ்சள் மரப்பசையை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, இரண்டு பக்கமும் வழியும்வரை செலுத்துங்கள். விரிசலை நாலைந்து தடவை திறந்து மூடினால் அடிவரை இழுத்துக்கொள்ளும். வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். டிரஸ் ராடு குழிக்குள் பசை போகாமல் மெழுகுத் தாளைச் சுருட்டி அடைத்துக்கொள்ளுங்கள், போனால் ராடு நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும்.

இறுக்க சி கிளாம்ப் இரண்டு, மரத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே மெழுகுத் தாள் சுற்றிய பலகைத் துண்டு. கிளாம்ப் நழுவினால் பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, இழுத்துச் சுற்றுங்கள், வளைந்த இடத்தில் அது கிளாம்பைவிட நன்றாகப் பிடிக்கும். 24 மணி நேரம் இறுக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கம்பி மாட்டி, முதல் நாள் இரண்டு ஸ்வரம் தாழ்த்தியே வைத்து, மறுநாள் முழு சுருதிக்கு ஏற்றுங்கள். இனி மே மாதத்தில் பூட்டிய காருக்குள் இந்தக் கிடாரை விடவே கூடாது. அந்தச் சூட்டில் பசை இளகும், கம்பியின் இழுவையில் ஒட்டு மெல்ல நகர்ந்துவிடும்.

கேள்வி: நிறம் மங்கிவிட்டது. கார் பெயின்டரிடம் கொடுத்துப் புதுசாக்கலாமா? – கோரிப்பாளையம் வாசகர்

பதில்: வேண்டாம். இந்தப் பலகை மெல்லிய பிளைவுட், மேல்தோல் அரை மி.மீ.க்கும் குறைவு. உப்புத்தாள் மெஷின் ஒரு நொடி தங்கினால் அடி மரம் தெரியும். மேலே அழுக்கு மட்டும்தான் என்றால் லைட்டர் ஃப்ளூயிட் நனைத்த பனியன் துணியால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் கூடாது, கிப்சன் வகை நைட்ரோ பூச்சு கரைந்துவிடும். அதே காரணத்துக்காக ரப்பர் பூசிய ஸ்டாண்டிலும் அதை வைக்கக் கூடாது. மேடை வியர்வையில் பச்சை பிடித்த ஃப்ரெட்டை '0000' இரும்புப் பஞ்சால் தேய்க்கலாம், ஆனால் பிக்கப்புகளை டேப்பால் மூடிவிடுங்கள். காந்தம் அந்த இரும்புத் தூளை இழுத்துக்கொண்டால் பிறகு எடுப்பது நரகம்.

கேள்வி: எல்லாம் சரிசெய்துவிட்டேன். 11 செட் கம்பி (முதல் கம்பி 0.011 அங்குலக் கனம்) போடலாமா? மூன்றாம் கம்பி மட்டும் சுருதியில் நிற்பதில்லை. – தேனி வாசகர்

பதில்: தாராளமாகப் போடலாம், நடுக்கட்டை தாங்கும். ஆனால் 10 செட்டிலிருந்து மாறினால் டிரஸ் ராடு, கம்பி உயரம், பிரிட்ஜ் மூன்றையும் திரும்ப அளக்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுருதி, அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட உயர்ந்திருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சாடிலை டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்கள். தாழ்ந்திருந்தால் நெக் பக்கம்.

மூன்றாம் கம்பி நிற்காததற்கு நட்டின் பள்ளம்தான் காரணம். இந்த வகை ஹெட்டில் மூன்றாம், நான்காம் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பிப் போகும். கனமான கம்பி போட்டதும் பள்ளத்தில் இறுகிக்கொள்ளும். முறுக்கும்போது 'டிங்' என்று சத்தம் வந்தால் அதுதான். பள்ளத்தில் 2பி பென்சிலால் நன்றாகத் தேயுங்கள். போகவில்லை என்றால் 400 நம்பர் உப்புத்தாளை மடித்து, கம்பியின் அதே கனத்தில், பக்கச் சுவரை மட்டும் நாலு இழுப்பு இழுங்கள். அடியைத் தொட்டுவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசும், புது எலும்பு நட்தான் போட வேண்டும்.